குருணை நேரத்தில் எழுதுவது

"ஞாயிற்றுக்கிழமை மதியம் எழுதிக்கொள்ளலாம்" என்று நான்கு வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் வீட்டு ஞாயிறு மதியம் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. மாவு அரைக்க வேண்டும், இரண்டு பிள்ளைகளின் யூனிஃபார்ம் துவைக்க வேண்டும். கறி எடுத்த நாளென்றால் சமையல் இரண்டு மணி வரை இழுக்கும். சாப்பிட்டதும் கண் சொக்கும். நாலு மணிக்கு யாராவது வந்து நிற்பார்கள். நான்கு வருடத்தில் மிஞ்சியது ஒன்றரைக் கதை. அந்த அரைக் கதையில் ஒரு பெண் இன்னும் பஸ் ஸ்டாண்டில்தான் நிற்கிறாள்.

ஒரு நாள் அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். குருணையை மட்டும் தனியாக ஒதுக்கி டப்பாவில் போட்டார். முழு அரிசி சோற்றுக்கு, குருணை உப்புமாவுக்கும் கஞ்சிக்கும். குருணையை உலையில் போட்டு யாரும் சோறு வடிப்பதில்லை, குழைந்து போகும். எனக்கு வாய்த்த நேரமும் குருணைதான். பத்து நிமிடம் இங்கே, இருபது நிமிடம் அங்கே. நான்தான் அதில் சோறு வடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேலை, பிள்ளைகள், வயதான பெரியவர்கள் என்று எல்லாம் இருக்கும் வீட்டில் எழுத நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடந்த ஆறு வருடத்தில் எனக்குப் பலித்ததைப் பலித்த வரிசையிலேயே சொல்கிறேன். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் ஆரம்பிக்காதீர்கள். ஒன்று ஊன்றியபின் அடுத்தது.

முதல் வாரம் எழுதவே வேண்டாம்

நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள். எதையும் வரவு செலவு எழுதாமல் நம்ப மாட்டேன். தினசரி காலண்டரில் கிழித்த தாளை எடுத்துக்கொள்ளுங்கள், அதன் பின்பக்கம் வெள்ளையாகத்தான் இருக்கும். அன்றைக்கு எப்போதெல்லாம் கொஞ்சம் இடைவெளி கிடைத்ததோ அதையெல்லாம் குறியுங்கள். நேரத்தை மட்டும் எழுதினால் போதாது. அப்போது கை சும்மா இருந்ததா, தலை சும்மா இருந்ததா என்றும் எழுத வேண்டும். இந்த இரண்டாவது விவரம்தான் முக்கியம்.

என் தாள்களில் வந்தது இது. காலை ஐந்தேகாலுக்குப் பால் காய்வதற்கும் சட்னிக்குத் தேங்காய் துருவுவதற்கும் நடுவில் கையில் வேலை இருக்கிறது, தலை சும்மா. ஏழே முக்காலுக்கு ஸ்கூல் வேன் போனதிலிருந்து எட்டேகாலுக்கு நான் பஸ்ஸுக்குக் கிளம்பும் வரை, அடுப்படியை ஒதுக்குவதைத் தவிர ஒன்றுமில்லை. குளித்தலையிலிருந்து திருச்சிக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பெட்டவாய்த்தலை தாண்டினால் பெரும்பாலும் சீட் கிடைத்துவிடும். ராத்திரி ஒன்பதரைக்குக் கை சும்மா, ஆனால் தலை ஈரமாவு மாதிரி கிடக்கும்.

ஒரு வாரம் பார்த்தபிறகு எனக்குப் புரிந்தது, எழுத்து ஒரே வேலை இல்லை, மூன்று வேலை. கை ஓடி தலை சும்மா இருக்கும்போது யோசிக்கலாம்: அந்தக் கிழவி அடுத்து என்ன சொல்வாள், கதை எங்கே தொடங்க வேண்டும் என்பதை. கையும் தலையும் சும்மா கிடைக்கும் கொஞ்ச நேரத்தில்தான் புதிதாக எழுத முடியும். கை சும்மா, தலை களைப்பு என்றால் அது தட்டச்சு செய்ய, பிழை பார்க்க, பழைய பக்கத்தை நோட்டிலிருந்து பெயர்த்தெழுத. ராத்திரி ஒன்பதரைக்குப் புதிதாக எழுத உட்கார்ந்து ஒன்றும் வராமல், "எனக்கு எழுத்து வராது" என்று தூங்கப்போன நாட்கள் எனக்கு நிறைய உண்டு. வராதது எழுத்து இல்லை. நேரத்துக்கும் வேலைக்கும் பொருத்தம் பார்க்காததுதான் கோளாறு.

ஆணியை எங்கே அடிப்பது

கணக்கு எடுத்தாயிற்று. கையும் தலையும் சும்மா இருக்கும் ஒரே ஒரு இடைவெளியைத் தேர்ந்தெடுங்கள். அதைக் கடிகாரத்தோடு கட்டாதீர்கள், வீட்டில் எப்படியும் நடந்தே தீரும் ஒரு காரியத்தோடு கட்டுங்கள். "காலை 7.50-க்கு எழுதுவேன்" என்று முடிவு செய்தால் வேன் பத்து நிமிடம் தாமதமான அன்றைக்கே பழக்கம் உடையும். "வேன் தெருமுனை திரும்பியதும் எழுதுவேன்" என்றால் உடையாது. 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுக்கொள்பவர்கள் வெறுமனே ஆசைப்படுபவர்களைவிட அதிகமாகச் செய்துமுடிக்கிறார்கள் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களிலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நம் வீடுகளில் இது புதிதில்லை. விளக்கேற்றிய பிறகுதான் பிள்ளைகள் படிக்க உட்கார வேண்டும் என்று பாட்டிகள் போட்ட முடிச்சும் இதே முடிச்சுதான்.

எத்தனை நாளில் பழகும்? 21 நாள் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த எண்ணைப் பரப்பியது மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் எழுதிய புத்தகம். அவர் சொன்னது, அறுவை சிகிச்சைக்குப் பிறகு நோயாளிகள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆனதாகத் தாம் கவனித்ததைப் பற்றி. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலியும் உடன் பணியாற்றியவர்களும் 96 பேரை 12 வாரம் கவனித்துச் செய்த ஆய்வு 2010-ல் அச்சானது. ஒரு புதுப் பழக்கம் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர, ஆளைப் பொறுத்தும் செயலைப் பொறுத்தும் 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகும் என்று அதில் மதிப்பிட்டார்கள். நடுவாக 66 நாள். அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. இடையில் ஒரு நாள் தவறினால் பெரிய பாதிப்பு இல்லை. இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும் என்று முதலிலேயே தெரிந்திருந்தால் இருபத்திரண்டாம் நாள் மனம் விட்டுப்போகாது.

விடியற்காலை எழுந்து எழுதுங்கள் என்று சொல்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிரோலப் தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே தினமும் காலை ஐந்தரைக்கு மேஜையில் உட்கார்ந்தார். கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல் என்று எழுதினார். அதைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அவரை எழுப்பிவிட ஒரு வேலையாள் இருந்தார். அதற்கென்று வருடத்துக்கு ஐந்து பவுண்டு கூடுதல் சம்பளம் வாங்கினார், தவறாமல் காப்பியும் கொண்டுவந்தார். இதையும் டிரோலப்பே நன்றியோடு எழுதிவைத்திருக்கிறார். நம் வீட்டில் ஐந்தரைக்குக் காப்பி போடுவது யார் என்று யோசித்துவிட்டு அலாரம் வையுங்கள். கைக்குழந்தை இருக்கும் வீடென்றால் விடியற்காலை பேச்சே வேண்டாம். தூக்கத்தை வெட்டி எழுதியது எனக்கு இரண்டு வாரம்தான் தாங்கியது. மூன்றாவது வாரம் ஆபீஸில் ஒரு ரசீதை இரண்டு தடவை வரவு வைத்தேன்.

நூறு சொல்

அளவைச் சிரிப்பு வருகிற அளவுக்குக் குறையுங்கள். என் அளவு நூறு சொல். நீளமான நோட்டில் ஒரு பக்கம்கூட முழுதாக நிரம்பாது. நல்ல நாளில் பத்து நிமிடம், வராத நாளில் இருபது நிமிடம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். காய்ச்சல், பொங்கல், பரீட்சை, கல்யாணம், வெறும் சோம்பல் எல்லாவற்றுக்கும் சேர்த்து வருடத்தில் 65 நாளைக் கழித்துவிடுவோம். மீதி 300 நாள். 300 நாளுக்கு 30,000 சொல். 1,500 சொல்லில் ஒரு சிறுகதை என்று வைத்தால் இருபது கதைக்கான முதல் வரைவு. என் ஞாயிறு மதியங்கள் நான்கு வருடத்தில் தந்தது ஒன்றரை.

நூறை எட்டியபிறகும் கை ஓடினால் ஓடட்டும். ஆனால் இன்றைக்கு 400 எழுதிவிட்டோம், நாளைக்கு வேண்டாம் என்று முன்பணம் கட்டக்கூடாது. மிச்சத்தை மறுநாளுக்குக் கொண்டுபோவது ஆபீஸ் பேரேட்டில் சரி, இதில் கிடையாது.

நோட்டு, போன், வாய்

நோட்டு கண்ணில் பட வேண்டும், எடுக்க எழுந்து போகக்கூடாது. என்னுடையது மிக்ஸிக்கு மேல் உள்ள தட்டில் பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மஞ்சள் கறை படிந்திருக்கும். அழகான அட்டை போட்ட நோட்டு வாங்காதீர்கள், அதில் மோசமான வாக்கியம் எழுத மனசு வராது. முதல் வரைவு முழுக்க மோசமான வாக்கியம்தான்.

பஸ்ஸுக்குப் போன். வாட்ஸப்பில் நமக்கு நாமே செய்தி அனுப்பிக்கொள்ளலாம். தோன்றிய வரி, பஸ்ஸில் காதில் விழுந்த பேச்சு, ஒரு கடைப் பலகை என்று எல்லாவற்றையும் அதில் போட்டுவிடுகிறேன். எழுத உட்காரும் முன் அதைத் திறந்து பார்த்தால் வெறும் தாளைப் பார்க்கும் பயம் இல்லை. நோட்டில் இருப்பதைக் கம்ப்யூட்டரில் ஏற்றத் தமிழ்99 விசைப்பலகையைப் பழகிக்கொள்ளுங்கள். உயிர் இடது கையில், மெய் வலது கையில். தமிழ்நாடு அரசு 1999-ல் தரப்படுத்தியது. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றுவதைவிட, கொஞ்ச நாளில் கைக்கு வேகம் வந்துவிடும். ராத்திரிக் களைப்பில் செய்யத் தோதான பயிற்சி.

போனில் தமிழில் பேசினால் எழுத்தாக மாற்றித் தரும் வசதி இருக்கிறதே, அதை எழுத்தாளர்கள் கொஞ்சம் கேவலமாகப் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். வை.மு. கோதைநாயகி முதல் படைப்பை எழுதவில்லை. பள்ளிக்கூடம் போகாதவர், சிறு வயதிலேயே கல்யாணம் ஆனவர். 1920-களில் தன் முதல் நாடகத்தை வாயால் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் எழுதப் பழகி, பத்திரிகை நடத்தி, நூற்றுக்கு மேல் நாவல் எழுதினார். வாயால் சொல்வது குறைச்சல் இல்லை என்று அவரைப் படித்த பிறகுதான் எனக்குப் பட்டது. சாயங்காலம் பஸ் இறங்கி வீட்டுக்கு நடக்கும் பன்னிரண்டு நிமிடமும் போனை வாயருகே பிடித்துக் கதை சொல்லிக்கொண்டு போகிறேன். தெருவில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை, யாருடனோ பேசுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். 'கிழவி' சில சமயம் 'கிளவி' ஆகிவிடும், ராத்திரி திருத்திக்கொள்ளலாம்.

பாதி வாக்கியத்தில் எழுந்திருங்கள்

குடும்ப வீட்டில் எழுதுபவர்களுக்கு மட்டும் தானாக வாய்க்கும் பயிற்சி இது. எப்படியும் யாராவது கூப்பிடப் போகிறார்கள். அதனால் "இந்தப் பத்தியை முடித்துவிட்டு வருகிறேன்" என்று பல்லைக் கடிக்காதீர்கள். பாதியில் விட்டு எழுந்திருங்கள். விடும்போது ஓரத்தில் 'அடுத்து' என்று போட்டு ஒரு வரி மட்டும் குறியுங்கள், அடுத்து என்ன வரப்போகிறது என்பதை. மறுநாள் உட்காரும்போது ஆரம்பம் தேட வேண்டியதில்லை. முடித்துவிட்டு எழுந்த பத்தியைவிடப் பாதியில் விட்டு வந்த பத்திதான் நாள் முழுக்க மனதில் ஊறிக்கொண்டிருக்கும். தேங்காய் துருவும்போது மிச்சம் வந்துவிடும்.

வீட்டோடு பேசுவது

எல்லாவற்றிலும் கஷ்டமானது இதுதான். வழிகாட்டிகள் பெரும்பாலும் எழுதுபவரின் மனஉறுதியைப் பற்றியே பேசும். மனஉறுதியெல்லாம் இருக்கும். ஸிங்கில் பாத்திரம் கிடக்கும்போது மருமகள் உட்கார்ந்து எழுதுவதைப் பார்க்கும் மாமியாருக்கு யார் பதில் சொல்வது?

நான் முதலில் ஒளித்து எழுதினேன். பால் கணக்கு எழுதுவது போல. அது தப்பு என்று பின்னால் தெரிந்தது. ஒளித்து எழுதினால் கூப்பிட்ட குரலுக்கு எழுந்து போய்த்தான் ஆக வேண்டும், நாம் எழுதுவதே அவர்களுக்குத் தெரியாதே. ஒளித்துத்தான் எழுத முடியும் என்ற வீடுகளும் இருக்கின்றன. கவிஞர் சல்மா துவரங்குறிச்சியில், புகுந்த வீட்டாருக்குத் தெரியாமல் கழிப்பறையில் நின்றுகொண்டு கவிதை எழுதினார். அவை அவருடைய அம்மா வழியாக வெளியே போய் அச்சாயின. அப்படிப்பட்ட வீட்டில் இருப்பவருக்கு நான் சொல்லும் 'பேசிப் பாருங்கள்' பொருந்தாது. நம்பிக்கையான ஒரு ஆளும், நோட்டை வைக்க வீட்டுக்கு வெளியே ஓர் இடமும் அவர்களுக்கு முதலில் வேண்டும்.

என் வீடு அவ்வளவு மோசமில்லை. ஒரு நாள் ராத்திரி சொன்னேன்.

"என்னங்க, காலையில வேன் போனதும் இருபது நிமிஷம் நான் வீட்டுல இல்லைன்னு நினைச்சுக்கங்க."

"எங்க போறே?"

"எங்கயும் போகலை. திண்ணையில உக்காந்து எழுதப்போறேன்."

"அதுக்கு ஏன் இல்லைன்னு நினைக்கணும்? இருந்துக்கிட்டே எழுது."

'இருந்துகொண்டே எழுது' என்பதில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. இருந்தால் கேஸ் சிலிண்டர்காரருக்குச் சில்லறை தேட வேண்டும், சாவி எங்கே என்று சொல்ல வேண்டும். அவருக்குப் புரியவைக்க நான் எடுத்த உதாரணம் அவருடைய கடைதான். "கடையில கல்லாவுல உக்காந்திருக்கும்போது நான் போன் பண்ணி வெங்காயம் எங்கன்னு கேட்டா?" அது வேலை செய்தது. கேட்பதைக் குறிப்பாகக் கேளுங்கள். 'எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும்' என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. எந்த இருபது நிமிடம், எந்த இடம், அந்த நேரத்தில் எந்த வேலையை யார் பார்ப்பது என்று சொல்ல வேண்டும். பதிலுக்கு நானும் கொடுத்தேன். ஞாயிறு காலை அவர் கிரிக்கெட்டுக்குப் போக, கேள்வி கேட்பதை நிறுத்தினேன்.

அத்தையிடம் பேச்சு பலிக்கவில்லை. பாத்திரம்தான் அவருக்குப் பிரச்சினை என்பது தெரிந்ததும் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப் வாங்கிப் பாத்திரத்தை அதில் போட்டு மூடி, பின்கட்டில் வைத்தேன். எட்டு மணிக்கு நானோ அவரோ தேய்ப்போம். கண்ணில் படாததால் சண்டை பாதி குறைந்தது. மீதிப் பாதி, என் கதை ஒன்று பத்திரிகையில் வந்து அதை அவர் தன் தங்கைக்குப் படித்துக்காட்டிய அன்று குறைந்தது. (தங்கைக்குப் படித்துக்காட்டியதில் ஒரு பத்தியை அவராகவே மாற்றிவிட்டார் என்று பிறகு தெரிந்தது. மோசமில்லை.)

பிள்ளைகளுக்கு மணி அடிக்கும் டைமர் போதும். டைமர் ஓடும்போது அம்மாவைக் கூப்பிட மூன்று காரணம்தான்: ரத்தம், புகை, வாசலில் ஆள். டைமர் அடித்ததும் நீங்கள் உண்மையிலேயே எழுந்திருக்க வேண்டும். இன்னும் ரெண்டு வரி என்று இழுத்தால், அடுத்த நாளிலிருந்து டைமரை அவர்களும் மதிக்க மாட்டார்கள்.

வீட்டில் இருப்பவர்களைப் பற்றி எழுதலாமா என்று கேட்பார்கள். எழுதாமல் எதை எழுதுவது? ஆனால் முதல் வரைவை வீட்டில் யாருக்கும் காட்டாதீர்கள். ஊர், உறவு, தொழில் மூன்றில் இரண்டை மாற்றியபிறகு காட்டுங்கள். உங்களை நம்பி ஒருவர் சொன்ன ரகசியத்தை மட்டும் எப்படி மாற்றியும் எழுதாதீர்கள். அப்படி எழுதி ஒரு சித்தியை இழந்திருக்கிறேன்.

எழுதாத வாரங்கள்

அவை வரும். எங்கள் வீட்டில் மார்ச் பரீட்சை, மே மாத விருந்தாளிகள், ஆவணிக் கல்யாணங்கள். அந்த நாட்களுக்கு அளவு நூறு சொல் இல்லை, ஒரு வரி. மூன்று வருடத்துக்கு முன் என் அம்மா ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் இருந்தார். கதை எழுதும் நிலையில் நான் இல்லை. தினம் ஒரு வரி மட்டும், அன்றைக்கு அம்மா என்ன சாப்பிடக் கேட்டார் என்பதை எழுதினேன். சுண்டைக்காய் வற்றல். இளநீர் வழுக்கை. பெயர் சொல்லாமல் 'அந்த இது'. நாற்பது வரி. பின்னால் அதிலிருந்து ஒரு கதை வந்தது, வராமல் போயிருந்தாலும் பரவாயில்லை. நோட்டு மூடவில்லை.

ஒரு வரியும் இல்லாமல் மூன்று வாரம் போய்விட்டதா? விட்டதைச் சேர்த்துப் பிடிக்க முயலாதீர்கள். முதல் நாள் புதிதாக எதுவும் எழுத வேண்டாம். கடைசியாக எழுதிய பக்கத்தை அப்படியே கையால் பெயர்த்தெழுதுங்கள். முடிவதற்குள் எங்காவது ஒரு சொல்லை மாற்றியிருப்பீர்கள். அங்கிருந்து பிடித்துக்கொள்ளலாம்.

முடிப்பது

குருணையில் சேர்த்துவிடலாம், திருத்தி முடிக்க மட்டும் கொஞ்சம் முழு அரிசி வேண்டும். மாதத்துக்கு ஒரு அரைநாள் போதும். வீட்டை விட்டு வெளியே போய்விடுங்கள். நான் ஊர் நூலகத்துக்குப் போகிறேன், மின்விசிறி சுற்றும், யாரும் பேசமாட்டார்கள். மாதம் முழுக்கச் சேர்ந்த பக்கங்களை ஒரே மூச்சில் படித்து, வெட்டி, ஒட்டி, ஒன்றையாவது அனுப்பும் நிலைக்குக் கொண்டுவருவேன்.

எந்த வடிவம் என்பதையும் வாய்த்த நேரமே கொஞ்சம் முடிவு செய்யட்டும். 2013-ல் நோபல் பரிசு பெற்ற ஆலிஸ் மன்றோ சிறுகதையோடு நின்றதற்குக் காரணமே, பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் எழுதியவருக்கு நாவலுக்கான நீண்ட நேரம் கிடைக்காததுதான். நம் ஆ. மாதவன் திருவனந்தபுரம் சாலைத் தெருவில் பாத்திரக் கடை நடத்தியவர். கடைக்கு வந்துபோன தெருவே அவருக்குக் கதையானது. வயதாகிவிட்டது என்பவர்களுக்கு: கி. ராஜநாராயணனின் முதல் கதை அச்சானபோது அவர் முப்பது வயதைத் தாண்டியிருந்தார்.

கடைசியாக ஒரு ஆள் தேடிக்கொள்ளுங்கள். விமர்சகர் வேண்டாம், காத்திருக்கும் ஒருவர். எனக்கு ஒரு பழைய கல்லூரித் தோழி இருக்கிறாள். வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள் அந்த வாரம் எழுதியதை நான் அவளுக்கு அனுப்ப வேண்டும், அவள் எனக்கு. எப்படி இருந்தாலும் சரி. "கிடைத்தது" என்று மட்டும்தான் பதில். நன்றாக இருக்கிறது, இல்லை என்று சொல்லக்கூடாது என்பது ஒப்பந்தம். நாலு வருடமாக ஓடுகிறது.

நாளைக்கு வேன் போனதும் எழுத, இன்றைக்கு நோட்டில் விட்டு வந்திருக்கும் வரி இது. 'அடுத்து: அத்தை அந்த ஊறுகாய் ஜாடியை மட்டும் ஏன் யாருக்கும் கொடுக்கவில்லை.'